பழைய கம்ப்யூட்டர் வாங்கப் போறீங்களா? ப்ராசஸரைச் சோதித்து வாங்குவோம்



சென்ற இதழ்களில் ரொக்கப் புத்தகம் எழுதுவது, உள்கடன் பேரேடு சரிபார்ப்பது பற்றிப் பாடம் படித்தோம். இந்த இதழில் கொஞ்சம் புதுசான பாடம். பயப்படாதீங்க. கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்களுக்கு மட்டும் எழுதியது இல்லை. காசிமேட்டில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குற பழக்கம் உள்ள யாருக்கும் இந்தப் பாடம் புரியும்.

ஏன் இந்தப் பாடம்?

குழுக் கணக்கு எழுத, ஜெராக்ஸ் கடை வைக்க, ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தர, பிள்ளைகள் கல்லூரிப் படிப்புக்கு என்று இப்போது பல குழுக்களில் கம்ப்யூட்டர் வாங்கும் பேச்சு வருகிறது. புதுசு வாங்க கையில் பணம் இருக்காது. அதனால் செகண்ட் ஹேண்ட் தேடிப் போகிறோம். அது தப்பில்லை. நல்ல பழைய கம்ப்யூட்டர் பல வருஷம் உழைக்கும்.

ஆனால் பணக் கணக்கைப் பாருங்க. ஓர் உறுப்பினர் சங்கத்தில் 18,000 ரூபாய் உள்கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி, 10 தவணை. மாதம் 1,800 அசல் கட்டக் கட்ட வட்டி குறையும். மொத்த வட்டி 1,980 ரூபாய். ஆக, கட்டி முடிக்கும்போது 19,980 ரூபாய் போயிருக்கும். எட்டாம் தலைமுறை என்று சொல்லி ஆறாம் தலைமுறையையோ, ஐ7 என்று சொல்லி ஐ3-யையோ தலையில் கட்டி விட்டால், இல்லாத பொருளுக்கு பத்து மாதம் வட்டி கட்டுகிறோம் என்று அர்த்தம். அது ஓர் உறுப்பினரின் பணம் மட்டும் இல்லை, பன்னிரண்டு பேரின் சேமிப்பு.

இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கம்பெனி கொடுத்து வந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அடுத்து வந்த விண்டோஸ் 11-க்கு, இன்டெல் கம்பெனி ப்ராசஸர் என்றால் ஒரு சிலதைத் தவிர எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் போட்ட விதி. அதனால் பெரிய ஆபீஸ்கள் ஏழாம் தலைமுறையும் அதற்குக் கீழும் உள்ள கம்ப்யூட்டர்களைக் கழித்து விடுகின்றன. அவை பழைய பொருள் சந்தைக்கு வருகின்றன. எட்டாம் தலைமுறைக்கு ஒரு விலை, ஆறாம் தலைமுறைக்கு வேறு விலை. இந்த இடைவெளியில்தான் ஏமாற்று நுழைகிறது.

ப்ராசஸர் என்றால் என்ன?

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் மதர்போர்டு என்று ஒரு பெரிய அட்டை இருக்கும். அதன் மேல், ஃபேனுக்கு அடியில், தீப்பெட்டி அகலத்தில் சதுரமாக ஒரு சில்லு இருக்கும். அதுதான் ப்ராசஸர். கணக்கு போடுவது, படம் காட்டுவது, நாம் தட்டும் எழுத்தைத் திரைக்குக் கொண்டு வருவது எல்லாம் இது செய்யும் வேலை.

ப்ராசஸருக்குள் வேலை செய்யும் பகுதிகளை கோர் என்பார்கள். கோர் என்பது அடுப்பு மாதிரி. இரண்டு அடுப்பில் சமைப்பதற்கும் ஆறு அடுப்பில் சமைப்பதற்கும் வித்தியாசம் உண்டு இல்லையா? சில ப்ராசஸரில் ஒரே கோர் ஒரே நேரத்தில் இரண்டு வேலையை மாற்றி மாற்றிப் பார்க்கும். அந்த வேலை வரிசைக்கு த்ரெட் என்று பெயர். விண்டோஸ் திரையில் இது 'லாஜிக்கல் ப்ராசஸர்' என்று வரும். கேச் என்பது அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கும் அஞ்சறைப் பெட்டி. அடிக்கடி தேவைப்படுவதைக் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும் சிறு நினைவகம்.

கோர், த்ரெட், கேச். இந்த மூன்றையும் ஞாபகம் வச்சுக்கோங்க. இவைதான் நமக்கு சாட்சி.

பெயரைப் படிக்கத் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது

கடையில் "ஐ5 மா, சூப்பரா ஓடும்" என்று மட்டும் சொல்வார்கள். ஐ5 என்பது குடும்பப் பெயர்தான். ஆளின் பெயர் அதற்குப் பின்னால் வரும் எண். முழுப் பெயர் இப்படி இருக்கும்: கோர் ஐ5-3470.

டெஸ்க்டாப்பில் கோடுக்குப் பிறகு நான்கு இலக்கம் இருந்தால், முதல் இலக்கம் தலைமுறை. ஐ5-3470 மூன்றாம் தலைமுறை. ஐ5-6500 ஆறாம் தலைமுறை. ஐ5-8400 எட்டாம் தலைமுறை. ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டு இலக்கம் தலைமுறை. ஐ5-10400 பத்தாம் தலைமுறை. ஐ5-650 என்று மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது முதல் தலைமுறை, ரொம்பப் பழசு.

கடைசியில் ஓர் எழுத்து இருக்கலாம். டி என்றால் மின்சாரம் குறைவாக எடுக்கும், வேகமும் குறைவு. யு என்றால் லேப்டாப்பில் வரும் குறைந்த மின்சார வகை. எஃப் என்றால் ப்ராசஸருக்குள் படம் காட்டும் பகுதி இருக்காது, தனியாக கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டால்தான் திரையில் படம் வரும். இந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல் விட்டால் கூடுதல் செலவு வந்து நிற்கும்.

ஏ.எம்.டி. கம்பெனியின் ரைசன் ப்ராசஸர்களும் நல்லவைதான். அவற்றின் எண் முறை வேறு. அதிலும் முழு எண்ணைக் கேட்டு வாங்கி கம்பெனி இணையதளத்தில் பார்ப்பதே சரி.

ஒரு முக்கியமான விஷயம். ஐ7 எப்போதும் ஐ5-ஐ விடப் பெரியது என்று நினைக்காதீங்க. ஐ7-2600 என்பது 2011-இல் வந்தது. ஐ5-8400 என்பது 2017-இல் வந்தது. பெயர் சின்னது ஆனாலும் ஐ5-8400 தான் வேகமானது.

அடிக்கடி கண்ணில் படும் சில ப்ராசஸர்களின் விவரம் கீழே உள்ளது. இதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐ3-2100: 2 கோர், 4 த்ரெட், கேச் 3 எம்.பி.
ஐ7-2600: 4 கோர், 8 த்ரெட், கேச் 8 எம்.பி.
ஐ5-3470: 4 கோர், 4 த்ரெட், கேச் 6 எம்.பி.
ஐ5-6500: 4 கோர், 4 த்ரெட், கேச் 6 எம்.பி.
ஐ5-8400: 6 கோர், 6 த்ரெட், கேச் 9 எம்.பி.

எப்படி எல்லாம் ஏமாற்று நடக்கும்?

இது இன்று நேற்று வந்தது இல்லை. 1990-களில் பென்டியம் ப்ராசஸர் காலத்திலேயே உலகம் முழுக்க இந்த வேலை நடந்தது. அப்போது மதர்போர்டில் உள்ள ஜம்பர் என்ற சிறு துண்டை இடம் மாற்றி வைத்தால், குறைந்த வேக ப்ராசஸரை அதிக வேகத்தில் ஓட வைக்க முடியும். மேலே உள்ள எண்ணைச் சுரண்டி அழித்துவிட்டு, பெரிய எண்ணை அச்சடித்து விற்றார்கள். ப்ராசஸர் அளவுக்கு மீறி சூடாகும், கம்ப்யூட்டர் அடிக்கடி நின்று போகும். பிறகு இன்டெல் கம்பெனி பெரும்பாலான ப்ராசஸர்களில் வேகத்தைக் கூட்டும் அந்த எண்ணைப் பூட்டி விட்டது. அதனால் அந்த வகை மோசடி குறைந்தது.

2010 மார்ச் மாதம் அமெரிக்காவில் நியூஎக் என்ற பெரிய ஆன்லைன் கடையில் கோர் ஐ7-920 வாங்கியவர்கள் சிலருக்கு பெட்டிக்குள் போலி வந்தது. ப்ராசஸர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் உலோகத் துண்டு, ஃபேன் இருக்க வேண்டிய இடத்தில் அச்சில் வார்த்த பொம்மை ஃபேன். பெட்டி மேல் இருந்த ஆங்கிலத்தில் எழுத்துப் பிழைகள் வேறு. சுமார் 300 பெட்டிகள் அப்படி என்று செய்தி வந்தது. கடைக்கு சப்ளை செய்த இடத்திலேயே போலி கலந்திருந்தது. பெரிய கடையும் ஏமாறும் என்பதுதான் இதில் நமக்குப் பாடம். பக்கத்துத் தெரு கடைக்காரர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். அவரும் ஏமாந்து வாங்கியிருக்கலாம். நாம் சோதிக்க வேண்டியது பொருளை.

நம் பக்கத்தில் செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது எதிர்பார்க்க வேண்டியவை இவை:

1. அரை உண்மை. "ஐ5" என்று மட்டும் சொல்லி தலைமுறையைச் சொல்லாமல் விடுவது. பொய் சொன்னதாகவும் ஆகாது, விலை மட்டும் கூடும்.

2. ஸ்டிக்கர். பெட்டியின் முன்பக்கம் ஐ7 ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், உள்ளே ஐ3 இருக்கும். ஸ்டிக்கர் தனியாகவே விலைக்குக் கிடைக்கும். அதை சாட்சியாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

3. திரையில் பெயர் மாற்றம். விண்டோஸில் 'திஸ் பிசி' மேல் வலது பக்கம் க்ளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போனால் ப்ராசஸர் பெயர் வரும். அந்தப் பெயர் விண்டோஸுக்குள் எழுதி வைத்த ஒரு குறிப்பு. விவரம் தெரிந்தவர்கள் அதை மாற்றி எழுத முடியும்.

4. மேல் மூடியில் எழுத்து மாற்றம். ப்ராசஸரின் உலோக மூடியைத் தேய்த்து வேறு எண் அச்சிடுவது. தனி ப்ராசஸர் வாங்கும்போது இதைப் பார்க்க வேண்டும்.

5. ஆள் மாற்றம். ஓடிக்காட்டுவது ஒரு பெட்டி, பேக் செய்து கொடுப்பது வேறு பெட்டி.

6. "விண்டோஸ் 11 ஓடுதே, அப்போ எட்டாம் தலைமுறைதான்" என்ற பேச்சு. இது சாட்சி ஆகாது. விதியைத் தாண்டி பழைய ப்ராசஸரிலும் விண்டோஸ் 11 ஏற்ற வழி இருக்கிறது. அப்படி ஏற்றிய கம்ப்யூட்டருக்குத் தொடர்ந்து அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. அப்டேட் நின்று போன கம்ப்யூட்டரில் உறுப்பினர்களின் ஆதார், பாஸ்புக் விவரங்களை வைப்பது ஆபத்து.

கடையில் செய்ய வேண்டிய சோதனை: ஏழு படிகள்

வாங்கப் போகும் போது இரண்டு பேராகப் போங்க. ஒருவர் பேசட்டும், ஒருவர் நோட்டில் எழுதட்டும். நம் பகுதியில் இருந்து பலரும் போவது அண்ணா சாலை பக்கம் உள்ள ரிச்சி தெருவுக்கு. விம்கோ நகர், திருவொற்றியூரில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி நடந்து விடலாம். மதியத்துக்கு முன்னால் போய்விட்டால் நின்று நிதானமாகச் சோதிக்க நேரம் கிடைக்கும்.

படி 1. முழுப் பெயரை எழுதி வாங்குங்க. "அண்ணே, ப்ராசஸர் முழு நம்பர் என்ன? எழுதிக் கொடுங்க" என்று கேளுங்க. எழுதித் தர மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்க.

படி 2. செல்போனில் பாருங்க. அந்த முழு எண்ணைத் தட்டி இன்டெல் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் தேடினால் எத்தனை கோர், எத்தனை த்ரெட், கேச் எவ்வளவு, எந்த வருஷம் வந்தது எல்லாம் வரும். நோட்டில் எழுதிக்கோங்க. படிக்கிற பிள்ளை யாராவது கூட வந்தால் இதைச் செய்துவிடும்.

படி 3. விண்டோஸ் வருவதற்கு முன்னால் பாருங்க. இதுதான் முக்கியமான படி. கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போடச் சொல்லுங்க. கம்பெனி பெயர் திரையில் வரும்போதே ஒரு பட்டனை விட்டு விட்டு அழுத்த வேண்டும். டெல் என்றால் எஃப்2. எச்.பி. என்றால் எஃப்10. லெனோவோ ஆபீஸ் கம்ப்யூட்டர் என்றால் எஃப்1. அசெம்பிள் செய்தது என்றால் பெரும்பாலும் டெலிட் பட்டன். பயாஸ் என்ற திரை வரும். அதில் ப்ராசஸர் பெயர் இருக்கும். இது மதர்போர்டு நேராக ப்ராசஸரைக் கேட்டுச் சொல்லும் பெயர். விண்டோஸில் செய்த மாற்றம் இங்கே செல்லாது.

படி 4. விண்டோஸில் கோர் எண்ணிக்கை பாருங்க. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பட்டனையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு சிபியு. அங்கே கோர், லாஜிக்கல் ப்ராசஸர், எல்3 கேச் மூன்றும் இருக்கும். நோட்டில் எழுதியதோடு ஒப்பிடுங்க. பெயரை மாற்றி எழுதுவது சுலபம். இரண்டு அடுப்பை ஆறு அடுப்பாகக் காட்டுவது அவ்வளவு சுலபம் இல்லை. ஐ5-8400 என்று சொல்லிவிட்டு 4 கோர், 6 எம்.பி. கேச் காட்டினால் பேச்சை அங்கேயே நிறுத்தலாம்.

படி 5. சிபியு-இசட் போட்டுப் பாருங்க. இது இலவச மென்பொருள். ப்ராசஸரின் பெயர், கோர், த்ரெட், கேச், அது உட்காரும் சாக்கெட் வகை எல்லாம் ஒரே திரையில் காட்டும். கடை கம்ப்யூட்டரில் ஏற்கெனவே உள்ளதைத் திறக்க வேண்டாம். அதன் சொந்த இணையதளத்தில் இருந்து இறக்கி, நம்ம பென் டிரைவில் எடுத்துப் போங்க. தராசு நம்முடையதாக இருந்தால் எடை சரியாக இருக்கும்.

சாக்கெட் வகையும் நல்ல சாட்சி. டெஸ்க்டாப்பில் இரண்டாம், மூன்றாம் தலைமுறை உட்காருவது 1155 என்ற சாக்கெட். நான்காம் தலைமுறைக்கு 1150. ஆறு முதல் ஒன்பது வரை 1151. பத்தாம் தலைமுறைக்கு 1200. எட்டாம் தலைமுறை என்று சொல்லிவிட்டு திரையில் 1155 என்று வந்தால் பெயர் பொய் என்று தெரிந்துவிடும்.

படி 6. அரை மணி நேரம் ஓட விடுங்க. இரண்டு மூன்று வீடியோ, ஒரு எக்செல் கணக்கு எல்லாம் ஒன்றாகத் திறந்து வையுங்க. தானாக அணைந்தாலோ, ஃபேன் கத்தினாலோ, திரை உறைந்து நின்றாலோ கவனம். ப்ராசஸர் நல்லதாக இருந்து, நடுவில் பூசும் பேஸ்ட் காய்ந்து போயிருந்தாலும் சூடாகும். அது சின்னச் செலவுதான், கடைக்காரரையே சரி செய்து தரச் சொல்லலாம். எண்ணூர், காட்டுப்பள்ளி பக்கம் உப்புக் காற்றும் தூசியும் அதிகம். வாங்கிய பிறகும் மாதம் ஒரு தடவை அணைத்து, ப்ளக்கை எடுத்துவிட்டு ஃபேன் தூசியைத் தட்டுவது நல்லது.

படி 7. சோதித்த பெட்டியையே வாங்குங்க. பெட்டியின் பின்பக்கம் உள்ள சீரியல் எண்ணை போட்டோ எடுத்துக்கோங்க. பேக் செய்யும் போது பக்கத்திலேயே நில்லுங்க. வீட்டுக்கு வந்ததும் படி 3-ஐ இன்னொரு முறை செய்யுங்க.

தனி ப்ராசஸர் மட்டும் வாங்கினால்

சர்வீஸ் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களின் பிள்ளைகள் பழைய ப்ராசஸரைத் தனியாகவும் வாங்குகிறார்கள். அவர்களுக்காக இந்தப் பகுதி.

மேல் மூடியில் பேஸ்ட் இருந்தால் துணியால் துடைத்து எழுத்தைப் படியுங்கள். கம்பெனி எழுத்து மெல்லிசாக, ஒரே சீராக, சாதாரணமாகத் துடைத்தால் போகாததாக இருக்கும். மூடி முழுக்க ஒரே திசையில் தேய்த்த கோடு, பளபளப்பில் வித்தியாசம், கோணலான எழுத்து இருந்தால் சந்தேகப்படுங்கள்.

மாடல் எண்ணுக்குப் பக்கத்தில் எஸ் என்ற எழுத்தில் தொடங்கும் ஒரு சிறு குறியீடு இருக்கும். உதாரணமாக ஐ5-3470-க்கு எஸ்.ஆர்.0.டி.8 என்பது குறியீடு. மாடல் எண்ணை மாற்றுபவர் சில சமயம் இந்தக் குறியீட்டை மாற்ற மறந்து விடுவார். இரண்டையும் இணையத்தில் தேடி ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பாருங்கள்.

அந்த இடத்தில் க்யூ எழுத்தில் தொடங்கும் குறியீடும், 'இன்டெல் கான்ஃபிடென்ஷியல்' என்ற ஆங்கிலச் சொல்லும் இருந்தால் அது விற்பனைக்கு வராத சோதனை மாதிரி. கம்பெனி தன் கூட்டாளிகளுக்குச் சோதிக்கக் கொடுப்பது. ஓடலாம். ஆனால் வாரண்டி கிடையாது, சில மதர்போர்டில் ஓடாமலும் போகலாம்.

பெட்டியோடு வரும் இன்டெல் ப்ராசஸருக்கு பொதுவாக 3 வருட வாரண்டி. பெட்டி இல்லாமல் மொத்தமாக வந்த ப்ராசஸருக்கு வாரண்டியை விற்ற இடத்தில்தான் கேட்க வேண்டும். "கம்பெனி வாரண்டி இருக்கு" என்று சொன்னால், இன்டெல் இணையதளத்தில் ப்ராசஸர் மேல் உள்ள எண்களைப் போட்டுச் சரிபார்க்க வசதி உண்டு. எல்லாவற்றையும் விட மேலான சோதனை, கடையிலேயே ஒரு மதர்போர்டில் போட்டு ஓட்டிப் பார்ப்பதுதான். "போட்டுக் காட்ட முடியாது, எடுத்துட்டுப் போங்க" என்றால் வாங்க வேண்டாம்.

பில்லும் சட்டமும்

பழைய பொருள்தானே, பில் எதுக்கு என்று சிலர் கேட்பார்கள். பில்லில் இவை கட்டாயம் இருக்கட்டும்: கடை பெயர், தேதி, ப்ராசஸரின் முழு எண், கம்ப்யூட்டரின் சீரியல் எண், எத்தனை நாள் உத்தரவாதம், கட்டிய தொகை. "ஐ5 கம்ப்யூட்டர் 1" என்று மட்டும் எழுதிய பில் நமக்கு உதவாது. பணத்தை குழுவின் வங்கிக் கணக்கு வழியாகக் கொடுங்க. தீர்மான நோட்டில் முழு எண்ணோடு தீர்மானம் எழுதுங்க.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. ஒரு பொருளின் தரத்தையோ மாடலையோ பொய்யாகச் சொல்லி விற்பதும், பழைய பொருளைப் புதியது என்று சொல்லி விற்பதும் இந்தச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. செகண்ட் ஹேண்ட் என்பதால் நமக்கு உரிமை இல்லாமல் போகாது.

முதலில் கடையில் நேராகப் பேசுங்க. சரியாகவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். அதற்கும் பலன் இல்லை என்றால் இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. கடை எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். மீஞ்சூர், அத்திப்பட்டு சகோதரிகள் திருவள்ளூர் மாவட்டத்திலும், திருவொற்றியூர், ராயபுரம் சகோதரிகள் சென்னையிலும் கொடுக்கலாம். வியாபாரத்துக்காக வாங்கினால் நுகர்வோர் ஆக முடியாது என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியவர் நுகர்வோர்தான் என்று அதே சட்டம் சொல்கிறது. ஜெராக்ஸ் கடை வைக்கும் நம் சகோதரிகள் இதை நினைவில் வைக்கணும்.

ஒரு எச்சரிக்கை. 2011-இல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்புகளில் அரசு அடையாளம் இருக்கும். அவற்றை யார் மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீங்க.

குழுக் கூட்டத்தில் நடித்துப் பார்க்க

ஒருவர் கடைக்காரர், ஒருவர் ஊக்குநர், ஒருவர் பிரதிநிதி. மற்றவர்கள் கவனித்து, எந்தப் படி விட்டுப்போச்சு என்று சொல்லட்டும்.

கடைக்காரர்: வாங்கக்கா, ஐ5 எட்டாவது ஜெனரேஷன். இன்னைக்கு வந்த பீஸு. ரெண்டு பேர் கேட்டுட்டுப் போயிருக்காங்க.

ஊக்குநர்: சந்தோஷம் தம்பி. முழு நம்பர் எழுதிக் குடுப்பா.

கடைக்காரர்: எட்டாயிரத்து நானூறுக்கா. அதான் ஸ்டிக்கர்லயே போட்டிருக்கே.

பிரதிநிதி: ஸ்டிக்கர் இருக்கட்டும் தம்பி. ஒருவாட்டி ஆஃப் பண்ணிட்டுப் போடு. பயாஸ் பாக்கணும்.

கடைக்காரர்: அதெல்லாம் எதுக்குக்கா? நம்ம கடைக்கு நம்பி வர்றாங்க.

ஊக்குநர்: நம்பித்தான் வந்திருக்கோம். ஆனா இது சங்கத்துப் பணம் தம்பி. பாத்துட்டு வான்னு பன்னிரண்டு பேர் சொல்லி அனுப்பிருக்காங்க. நீயே பக்கத்துல நின்னு காட்டு.

(பயாஸ் திரையில் ஐ5-6500 என்று வருகிறது.)

பிரதிநிதி: இதுல ஆறாயிரத்து ஐநூறுன்னு இருக்கே தம்பி?

கடைக்காரர்: அய்யோ, எனக்கே மாத்திக் குடுத்துட்டாங்க போலக்கா. அப்போ விலையைக் குறைச்சுத் தரேன்.

ஊக்குநர்: குறைக்கிறது இருக்கட்டும். எட்டாவது இருந்தா காட்டு, இல்லைன்னா நாங்க அடுத்த வாரம் வரோம்.

இதில் கவனிக்க வேண்டியது: ஊக்குநர் சண்டை போடவில்லை, மரியாதையாகவே பேசினார். "சங்கத்துப் பணம்" என்ற ஒரே சொல்லில் தன் பக்கம் பன்னிரண்டு பேரை நிறுத்திக்கொண்டார். தனியாகப் போகும்போது இந்தத் தைரியம் வருவது கஷ்டம். விலை குறைத்ததும் சரி என்று தலையாட்டவும் இல்லை. கணக்கு எழுத மட்டும் என்றால் ஆறாம் தலைமுறையில் இலவச லினக்ஸ் போட்டு ஓட்டலாம், அதற்கு ஏற்ற விலை கொடுக்கலாம். ஆனால் அதைக் கூட்டத்தில் பேசி முடிவு செய்ய வேண்டும், கடை வாசலில் இல்லை.

நினைவில் கொள்வோம்

ஸ்டிக்கரை நம்பாதே, பயாஸைப் பார்.
ஐ5 என்றால் போதாது, முழு எண் வேண்டும்.
பெயர் மாறலாம், கோரும் கேச்சும் காட்டிக் கொடுக்கும்.
சோதித்த பெட்டியையே வாங்கு, முழு எண்ணோடு பில் வாங்கு.
பழுதானதைக் குப்பையில் போடாதே, ஒயரை எரிக்காதே. மின்னணுக் கழிவு எடுக்க அனுமதி பெற்றவரிடம் கொடு. எரிக்கும் புகை நம் பிள்ளைகள் மூச்சுக்குள்தான் போகும்.

பயிற்சிக் கேள்விகள்

1. ஐ5-10400, ஐ3-2100, ஐ5-650. இவை எந்தெந்தத் தலைமுறை?
2. ஐ7-2600 என்று சொன்ன கம்ப்யூட்டரில் டாஸ்க் மேனேஜர் 2 கோர், 4 த்ரெட், 3 எம்.பி. கேச் காட்டுகிறது. என்ன முடிவு செய்வீர்கள்?
3. விண்டோஸ் 11 ஓடுவதை மட்டும் பார்த்து வாங்கலாமா? ஏன்?
4. உங்கள் குழுவில் யாராவது பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்தால், பயாஸ் திரையைத் திறந்து முழு எண்ணை எழுதி வாருங்கள்.

நான்கு கேள்விக்கும் அடுத்த சங்கக் கூட்டத்தில் பதில் பேசி, தீர்மான நோட்டில் பதிவு செய்யுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினருக்கு மற்றவர்கள் இந்தப் பாடத்தை வாசித்துக் காட்டுங்கள். வீட்டில் பிரதிநிதியின் செல்போன் இருந்தால் போதும், படி 2-ஐ கூட்டத்திலேயே செய்து பழகலாம்.

அடுத்த இதழில் பழைய தையல் மெஷின் வாங்கும்போது பார்க்க வேண்டியவை பற்றிப் பாடம் வரும். வணக்கம்.

கள ஒருங்கிணைப்பாளர்